முதல் வருஷம் டார்மா, ஃப்ரட்டர்னிட்டி வீடா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: மகனுக்கு அர்பானா-ஷாம்பெய்னில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மெக்கானிகல் இஞ்சினியரிங் கிடைத்திருக்கிறது. அவனுடைய பள்ளித் தோழனின் அண்ணன் அங்கே ஒரு ஃப்ரட்டர்னிட்டியில், அதாவது ஆண் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில், இருக்கிறான். முதல் வருஷத்திலிருந்தே எங்கள் சங்கத்தின் வீட்டில் வந்து தங்கலாம், டார்மைவிட (பல்கலைக்கழக விடுதியைவிட) மூவாயிரம் டாலர் குறையும் என்று அவன் சொல்லியிருக்கிறான். மகனுக்கு ஒரே ஆசை, கணவர் கணக்குப் பார்த்துவிட்டுச் சரி என்கிறார், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கேள்வியின் கடைசி வரியில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: "தடுத்தால் நண்பர்கள் இல்லாமல் தனித்துப் போய்விடுவானோ?" பணத்தையும் பாதுகாப்பையும்விட இந்தக் கவலைதான் உங்களை அரிக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கே முதல் பதில். போகமாட்டான். ஃப்ரட்டர்னிட்டியில் சேருவது ஒரு முடிவு, அதன் வீட்டில் குடியேறுவது இன்னொரு முடிவு. டார்மில் தங்கிக்கொண்டே சேரலாம். நாடு முழுக்கப் பார்த்தால் பெரும்பாலான பையன்கள் அப்படித்தான் சேர்ந்து, இரண்டாம் வருஷம் அந்தச் சங்க வீட்டுக்குக் குடிபோகிறார்கள்.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்கில் வேறொரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் ஹவுசிங் அலுவலகத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பட்டமேற்படிப்புக்கு வந்தபோது ஹால் உதவியாளராகச் சேர்ந்தது, அதுவே தொழிலாகிவிட்டது. ஆகஸ்ட் மாதம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் பிள்ளைகளையும், அக்டோபரில் அறை மாற்றம் கேட்டு வந்து நிற்கும் அதே பிள்ளைகளையும் பார்த்துப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன். சின்னத் தனியார் கல்லூரிகளின் நடைமுறை எனக்கு வெளியிலிருந்து தெரிந்த அளவுதான், ஆகவே நான் சொல்வதைப் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஃப்ரட்டர்னிட்டி பழக்கப்பட்ட விஷயமாக இருக்காது. ஆண்களுக்கு ஃப்ரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொராரிட்டி. கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்வதால் மொத்தமாக 'கிரீக்' என்கிறார்கள். 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாவிலிருந்து இந்தப் பெயர் வைக்கும் வழக்கம் வந்தது. இன்று நாம் காணும் மாதிரியான சங்கங்கள் 1820-களில் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் உருவானவை. தேசிய அமைப்பு ஒன்று இருக்கும், ஒவ்வொரு கல்லூரியிலும் அதற்கு ஒரு கிளை இருக்கும், கிளைக்கு 'சாப்டர்' என்று பெயர். வீடு பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமில்லை. பழைய உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வீட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பின்னால் பணத்தைப் பற்றிப் பேசும்போது இந்த உரிமை விவகாரம் முக்கியமாகிவிடும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதி என்ன சொல்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இல்லினாயில், 30 கிரெடிட் (பாட அலகு) முடிக்காத, 21 வயது ஆகாத மாணவர்கள் பல்கலைக்கழக விடுதியிலோ பல்கலைக்கழகம் சான்றளித்த தனியார் விடுதியிலோதான் தங்க வேண்டும். அந்தச் சான்றளித்த பட்டியலில் ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி வீடுகளும் உண்டு. எல்லா வீடுகளும் அதில் இல்லை. ஆகவே அந்த அண்ணனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்கள் வீடு இந்த வருஷப் பட்டியலில் இருக்கிறதா?" என்பது. அவன் வாய்வார்த்தையை நம்பாமல் பல்கலைக்கழகத் தளத்தில் நீங்களே பாருங்கள். பட்டியலில் இல்லாத வீட்டில் பணம் கட்டிவிட்டால், டார்முக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய நிலை வரலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகம், ஐடஹோ பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலும் முதலாண்டுப் பையன்கள் நேராக ஃப்ரட்டர்னிட்டி வீட்டில் குடியேறலாம். டார்ட்மவுத்தில் இரண்டாம் வருஷத்துக்கு முன்னால் சேரவே முடியாது.

எம்.ஐ.டி.யின் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கதை உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது. அங்கே நெடுங்காலம் புதிதாக வந்த பையன்கள் முதல் சில நாட்களிலேயே ஃப்ரட்டர்னிட்டியைத் தேர்ந்தெடுத்து, பாஸ்டன் பக்கம் இருக்கும் அதன் வீட்டுக்குக் குடிபோய்விடுவார்கள். 1997 செப்டம்பர் கடைசியில், கல்லூரிக்கு வந்து சில வாரமே ஆன ஸ்காட் க்ரூகர் என்ற 18 வயதுப் பையன் அப்படி ஒரு வீட்டில் நடந்த புதுமுகக் கொண்டாட்டத்தில் அளவுமீறிய மதுவால் நினைவிழந்து, பிறகு இறந்துபோனான். அடுத்த வருஷம் எம்.ஐ.டி. முடிவெடுத்து, 2002 முதல் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று ஆக்கியது. ஃப்ரட்டர்னிட்டியை ஒழிக்கவில்லை. சேருவதற்கு அனுமதி அப்படியே இருந்தது. படுக்கையை மட்டும் பிரித்து வைத்தார்கள்.

என் கருத்தும் அதுதான், இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணமும் அதுதான். முதல் வருஷம் பிள்ளை தூங்கும் இடமும், அவனைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் கூட்டமும் ஒரே கையில் இருக்கக்கூடாது. புதுமுகமாகச் சேர்ந்த பையனை 'பிளெட்ஜ்' என்பார்கள். இப்போது 'நியூ மெம்பர்' என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். சில வாரங்களுக்கு அவன் தகுதிகாண் நிலையில் இருப்பான். அந்த வாரங்களில் ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவன் வந்தோ குறுஞ்செய்தி அனுப்பியோ, "கீழே வா, எல்லோரும் காத்திருக்கிறார்கள்" என்பான். டார்மில் இருக்கும் பையன் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு, காலையில் கால்குலஸ் தேர்வு இருக்கிறது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். போனாலும், பிடிக்காவிட்டால் எழுந்து நடந்து தன் அறைக்கு வரலாம். அந்த வீட்டிலேயே குடியிருப்பவன் எங்கே நடந்து போவான்? அவன் பெட்டி, லேப்டாப், கட்டில் எல்லாம் அங்கேதான். "வேண்டாம், நான் விலகிக்கொள்கிறேன்" என்று அக்டோபரில் அவனுக்குத் தோன்றினால், அதே நாளில் அவனுக்குத் தங்க இடமும் இல்லாமல் போகும். விலக வேண்டும் என்று மனசுக்குள் முடிவெடுத்துவிட்டு, இடம் இல்லாத ஒரே காரணத்துக்காக டிசம்பர் வரை அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பையன்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழுதிருக்கிறார்கள்.

நீங்கள் இதை 'ராகிங் மாதிரியா?' என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் படித்த நம் தலைமுறைக்கு 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த நாவரசு கொலை மறக்காது. அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டு ராகிங் தடுப்புச் சட்டம் வந்தது. இங்கே 'ஹேஸிங்' என்கிறார்கள். கொடுமை ஒன்றுதான், ஆனால் நடக்கும் விதத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, பெற்றோர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் ராகிங்கில் ஜூனியர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்து வைத்து வதைப்பார்கள். பிள்ளைக்கு அது பிடிக்காது, வீட்டுக்கு வந்ததும் முகத்தில் தெரிந்துவிடும். இங்கே பிள்ளை தானே ஆசைப்பட்டுச் சேர்ந்த கூட்டம் அது. அவர்கள் மேல் அவனுக்கு உண்மையான பிரியம் இருக்கும். எல்லோரும் கடந்து வந்ததுதானே என்று நினைப்பான். அதனால் உங்களிடம் சொல்லமாட்டான், கேட்டாலும் மறைப்பான், அவர்களைக் காப்பாற்றத்தான் பார்ப்பான். "அப்படி ஏதாவது நடந்தால் என் மகன் என்னிடம் சொல்லிவிடுவான்" என்று மட்டும் தைரியமாக இருக்காதீர்கள்.

இது பழங்கதையும் இல்லை. 2017-ல் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டிமோதி பியாஸா, லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் க்ரூவர், இருவரும் இப்படிப்பட்ட சடங்குகளில் மதுவால் வந்த விபரீதத்தில் இறந்தார்கள். இரண்டு மாநிலங்களும் அடுத்த வருஷமே அவர்கள் பெயரில் சட்டம் போட்டன. உங்கள் மாநிலத்திலேயே, 2012-ல் நார்தர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 19 வயது முதலாண்டு மாணவர் ஒருவர் இறந்தார். அந்தக் குடும்பம் தொடுத்த வழக்கில் 2018-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கவனியுங்கள்: உள்ளூர் சாப்டர் மீதும் அதன் பொறுப்பாளர்கள் மீதும் வழக்கு நடத்தலாம், தேசிய அமைப்புக்கு அந்தப் பொறுப்பு இல்லை. நூறு வருஷப் பெருமை, லட்சக்கணக்கான உறுப்பினர்கள் என்று அழைப்பிதழில் போட்டிருப்பார்கள். ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டிய நிலையில் நிற்பது இருபது வயதுப் பையன்கள் நடத்தும் அந்தக் கிளைதான்.

எல்லா வீடும் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். நல்ல வீடுகள் இருக்கின்றன, அவற்றில் தங்கிப் படித்து நன்றாக வந்த பிள்ளைகளை எனக்கே தெரியும். நல்லதையும் கெட்டதையும் வெளியிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் சிரமம். இதில் இப்போது பெற்றோருக்கு ஒரு புதிய வசதி வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான 'ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங்' சட்டப்படி, ஹேஸிங் செய்ததாக விசாரணையில் உறுதியான மாணவர் அமைப்புகளின் பெயரைக் கல்லூரிகள் தங்கள் தளத்திலேயே வெளியிட வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும். மகனுடைய சாப்டர் பெயரை அங்கே தேடுங்கள். பெயர் இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. பெயர் இல்லாவிட்டால், விசாரணையில் உறுதியானது எதுவும் வெளியிடப்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

பணக் கணக்குக்கு வருகிறேன், உங்கள் கணவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். மூவாயிரம் டாலர் குறைவு என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மத்திய மேற்கில் பல ஃப்ரட்டர்னிட்டி வீடுகள் டார்மைவிட மலிவுதான். அரசுப் பல்கலைக்கழகங்களில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தேசிய சராசரி 2024-25-ல் சுமார் 13,000 டாலர். ஆனால் டார்ம் கட்டணத்தில் எல்லாம் அடக்கம். ஃப்ரட்டர்னிட்டியில் வீட்டுக் கட்டணம் தனி, உறுப்பினர் சந்தா தனி, முதல் வருஷம் மட்டும் வரும் சேர்க்கைக் கட்டணம் தனி, தேசிய அமைப்புக்கும் காப்பீட்டுக்கும் போவது தனி, டி-ஷர்ட், விழா, வெளியூர்ப் பயணம் என்று எழுதாத செலவு தனி. சாப்பாடு பல வீடுகளில் வாரநாட்களுக்கு மட்டும்தான், சனி ஞாயிறு சமையற்காரர் வரமாட்டார், வெளியில் வாங்கிச் சாப்பிடும் செலவைச் சேருங்கள். எல்லாவற்றையும் வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தபின் வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். இரண்டு விஷயம் உறுதி. 529 கணக்கிலிருந்து (கல்லூரிச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) வீட்டுக் கட்டணமும் சாப்பாடும், கல்லூரி அறிவித்திருக்கும் தங்குமிடச் செலவு வரம்பு வரை, வரியில்லாமல் எடுக்கலாம். உறுப்பினர் சந்தாவுக்கு எடுக்க முடியாது. அடுத்தது, ஒப்பந்தம் வீட்டு நிறுவனத்தோடு. மகன் ஃப்ரட்டர்னிட்டியை விட்டு விலகினாலும் வருஷம் முழுக்க வாடகை கட்ட வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். சிலவற்றில் இரண்டாம் வருஷமும் அங்கேயே தங்க வேண்டும் என்றும் இருக்கும். பெற்றோர் ஜாமீன் கையெழுத்து கேட்டால், அந்தக் கடன் உங்கள் பெயரில். டார்ம் ஒப்பந்தமும் லேசில் விடாது, ஆனால் மருத்துவக் காரணம், மனநலக் காரணம் என்றால் கேட்பதற்கு ஒரு அலுவலகமும் மேல்முறையீட்டுக்கு ஒரு வழியும் இருக்கிறது.

வீட்டைப் பார்க்கப் போனால் வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் அழைக்கும் நேரத்தில் போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள். கீழ்க்கூடத்தில் பளிங்குத் தரையும் பித்தளைக் கோப்பைகளும் பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம், மாடிக்குப் போங்கள். படிக்கட்டுக் கதவு தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவாக இருக்கும். அதற்குக் கீழே செருப்போ மரத்துண்டோ செருகித் திறந்து வைத்திருக்கிறார்களா பாருங்கள். கூரையில் இருக்கும் புகை உணர்கருவியின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்களா பாருங்கள். எங்கள் ஆய்வுகளில் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பது அங்கேதான். அறைக்குள் புகைப்பவர்கள் இருக்கும் வீட்டில்தான் அந்தப் பை இருக்கும். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் எல்லா மாடியிலும் உண்டா என்று கேளுங்கள். 1996 மே மாதம் நார்த் கரோலினாவின் சேப்பல் ஹில்லில், ஸ்பிரிங்க்ளர் இல்லாத ஒரு ஃப்ரட்டர்னிட்டி வீட்டில் விடியற்காலையில் தீப்பிடித்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அந்த ஊரே இத்தகைய வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று சட்டம் போட்டது. எல்லா ஊரிலும் அந்தச் சட்டம் இல்லை.

இன்னொன்று, நம்மவர்கள் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். சில பழைய வீடுகளில் பையன்கள் தங்கள் அறையில் தூங்குவதில்லை. மாடியில் 'ஸ்லீப்பிங் போர்ச்' அல்லது 'கோல்ட் ஏர்' (குளிர்காற்று) என்று ஒரு பெரிய பொதுக்கூடம் இருக்கும். இருபது முப்பது அடுக்குக் கட்டில்கள், விளக்குப் போடக்கூடாது, ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். அவரவர் அறையில் மேசையும் அலமாரியும் மட்டும். சிலருக்கு அது பிடித்துப்போகிறது, எந்நேரமும் இருட்டாக அமைதியாக இருக்கும் ஒரே இடம் அதுதான் என்பார்கள். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது. "அவன் எங்கே தூங்குவான்?" என்று நேராகக் கேட்டு, அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மகன் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். சமையற்காரரையே பார்த்து, அறுபது பேருக்கு இறைச்சி சமைக்கும் அன்றைக்கு இவனுக்கு என்ன இருக்கும் என்று கேளுங்கள். சாலட் என்று பதில் வந்தால், வருஷம் முழுக்க சாலட்தான். பெரிய பல்கலைக்கழக டைனிங் ஹால்களில் சைவத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதில் நம் நாக்குக்கு ருசி இருக்குமா என்பது வேறு பேச்சு, வயிறு நிறையும்.

படிப்பும் வேலைவாய்ப்பும் எப்படி இருக்கும் என்பதில்தான் நான் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே உறுதியாகச் சொல்பவர்கள் எல்லோரும் எதையோ விற்கிறார்கள். 2018-ல் யூனியன் கல்லூரிப் பொருளியல் ஆசிரியர்கள் இருவர் உள்ளிட்ட மூன்று பேர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஃப்ரட்டர்னிட்டியில் சேர்ந்ததால் ஜி.பி.ஏ. (நான்கு புள்ளி அளவிலான மதிப்பெண் சராசரி) சுமார் 0.25 புள்ளி குறைகிறது, பிற்காலச் சம்பளமோ சுமார் 36 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. இந்த இரண்டாம் எண்ணை மட்டும் எடுத்து ஃப்ரட்டர்னிட்டிக்காரர்கள் விளம்பரம் செய்வார்கள். ஒரே ஒரு தனியார் கல்லூரியின் பழைய மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அதிகம் சேரும் ஓர் அமைப்பில், சம்பளம் கூடியது அமைப்பாலா, அப்பாவின் நட்பு வட்டத்தாலா என்று பிரிப்பது எளிதல்ல. ஆய்வாளர்கள் பிரிக்க முயன்றிருக்கிறார்கள், ஆனாலும் அதை அப்படியே இல்லினாயில் மெக்கானிகல் படிக்கும் நம் பையனுக்குப் பொருத்த எனக்குத் துணிவில்லை. நம் துறையில் முதல் வேலை, இன்டர்ன்ஷிப், ப்ராஜெக்ட் குழு, பேராசிரியரின் ஆய்வகம் ஆகியவற்றின் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. மதுவைப் பற்றிய ஆய்வுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1990-களில் ஹார்வர்டின் ஹென்றி வெக்ஸ்லர் நடத்திய பெரிய ஆய்வுகளில், எல்லோரையும்விட அதிகமாகக் குடித்தது ஃப்ரட்டர்னிட்டி வீடுகளில் குடியிருந்தவர்கள்தான். ஆனால் பள்ளியிலேயே குடித்துப் பழகியவர்கள் அந்த வீடுகளைத் தேடிப் போவதும் அதில் சேர்ந்திருக்கிறது. வீடு எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது.

இதில் பொதுவான ஆய்வைவிட உங்களுக்குப் பயன்படும் ஒரு தகவல் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு செமஸ்டரும் சாப்டர் வாரியாகச் சராசரி ஜி.பி.ஏ. வெளியிடுகின்றன. வீட்டுக்காரர்கள் காட்டுவது மொத்தச் சராசரி. நீங்கள் பார்க்க வேண்டியது, பல பட்டியல்களில் தனியாகக் கொடுத்திருக்கும் புதுமுகங்களின் சராசரி. மொத்தச் சராசரி 3.3, புதுமுகச் சராசரி 2.7 என்று இருந்தால், அந்த வீட்டில் முதல் செமஸ்டரில் பிள்ளைகளைப் படிக்க விடுவதில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். இஞ்சினியரிங்கில் முதல் செமஸ்டரில் சறுக்கினால் கால்குலஸ், பிசிக்ஸ் என்று வரிசையாகப் பாதிக்கும்.

டார்மை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கேயும் குடிக்கிறார்கள். பிடிக்காத ரூம்மேட் வந்தால் முதல் இரண்டு மாதம் நரகம்தான். குளிர்கால விடுமுறைக்குப் பல விடுதிகளை மூடிவிடுவார்கள். உங்களைப் போல் சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்கு அது பெரிதில்லை, இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தலைவலி. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் பேசாமல், சாப்பாட்டைப் பெட்டியில் வாங்கி வந்து சாப்பிட்டு, ஒரு செமஸ்டரையே கழித்துவிடும் பிள்ளைகளும் டார்மில்தான் இருக்கிறார்கள். நீங்கள் பயப்படும் தனிமை அது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே ஒவ்வொரு தளத்துக்கும் ஆர்.ஏ. என்று ஒரு மூத்த மாணவர் இருக்கிறார், சம்பளமோ தங்குமிடமோ வாங்கிக்கொண்டு அதைப் பார்ப்பதே அவர் வேலை. மூன்று நாளாக ஒரு பையனைக் காணவில்லை என்றால் கதவைத் தட்ட அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். அவருக்கு மேலே முழுநேர ஊழியர் ஒருவர் அதே கட்டடத்திலோ பக்கத்திலோ குடியிருப்பார், ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடலாம். ஃப்ரட்டர்னிட்டி வீட்டிலும் சில இடங்களில் ஒரு பெரியவர் தங்கியிருப்பார். இருக்கிறாரா என்று கேளுங்கள், பல இடங்களில் இல்லை.

டார்மைத் தேர்ந்தெடுத்தால் எந்த டார்ம் என்பதில் கொஞ்சம் மெனக்கெடுங்கள். இல்லினாயில் இஞ்சினியரிங் கட்டடங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பது இல்லினாய் ஸ்ட்ரீட் ரெசிடென்ஸ் ஹால், பிள்ளைகள் ஐ.எஸ்.ஆர். என்பார்கள். ஷாம்பெய்ன் பக்கம் ஐக்கன்பெரி காமன்ஸ், கூட்டமும் கலகலப்பும் அங்கே. தனி அறை கேட்காதீர்கள், முதல் வருஷம் இரண்டு பேர் அறைதான் நல்லது. ஒரே துறைப் பிள்ளைகளை ஒரு தளத்தில் சேர்த்து வைக்கும் திட்டம் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டுப்பாடம் செய்ய ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேர் பொதுக்கூடத்தில் கூடும் பழக்கம் செப்டம்பரில் வந்துவிட்டால், நண்பர்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

மகனிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஃப்ரட்டர்னிட்டி கெட்டது என்று ஆரம்பித்தால் பேச்சு அந்த இடத்திலேயே முறிந்துவிடும். அவன் தேடுவது தவறான விஷயம் இல்லை. நாற்பதாயிரம் பேருக்கு மேல் படிக்கும் இடத்தில், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஐம்பது பேர் வேண்டும் என்று நினைக்கிறான். "சேரு, தடையில்லை. முதல் வருஷம் டார்மிலிருந்து போய்வா. அவர்களோடு ஒரு வருஷம் பழகிப் பார்த்தபின், இரண்டாம் வருஷம் அந்த வீட்டில் தங்க வேண்டும் என்று அப்போதும் தோன்றினால் நானே வந்து பெட்டியை இறக்கி வைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல வீடாக இருந்தால் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிப்பார்கள். இந்த வருஷமே குடிவந்தால்தான் இடம், இல்லாவிட்டால் கிடையாது என்று பதினெட்டு வயதுப் பையனை நெருக்கினால், அந்த நெருக்கலே எனக்குப் போதும், வேண்டாம் என்பேன். தெற்காசியப் பிள்ளைகள் தொடங்கிய ஃப்ரட்டர்னிட்டிகளும் உண்டு. 1998-ல் டெக்சஸ் ஆஸ்டினில் தொடங்கிய டெல்டா எப்சிலான் சை, 1999-ல் யு.சி.எல்.ஏ.யில் தொடங்கிய பீட்டா கை தீட்டா போன்றவை. இவற்றுக்குப் பெரும்பாலும் பெரிய வீடு கிடையாது, ஆகவே தங்குமிடக் கேள்வியே எழாது. நம்ம பிள்ளைகள் என்பதாலேயே ஹேஸிங் இருக்காது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், அங்கேயும் அதே விசாரிப்பு தேவை.

ஒரு சட்ட விவரம். 1974-ன் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் பதிவேடுகள் மாணவருக்குத்தான் சொந்தம். மார்க் என்ன, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று நீங்கள் போன் செய்தால், மாணவரின் சம்மதம் இல்லாமல் நாங்கள் பொதுவாகச் சொல்லமாட்டோம், கட்டணம் கட்டுவது நீங்களாகவே இருந்தாலும். 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் மது, போதைப்பொருள் விதியை மீறினால் பெற்றோருக்குத் தெரிவிக்கலாம் என்று 1998-ல் ஒரு விலக்கு வந்தது. தெரிவிக்கலாம் என்றுதான், தெரிவித்தே ஆக வேண்டும் என்றில்லை. டார்மில் நடந்தது எங்கள் காதுக்கு வரும். வளாகத்துக்கு வெளியே தனியார் வீட்டில் நடந்தது பல சமயம் வரவே வராது. அதனால் மகனோடு ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சை விட்டுவிடாதீர்கள். கேள்வி கேட்பதைவிட, என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்ற பேச்சிலேயே நிறையத் தெரியும். தூக்கம் திடீரென்று பாதியாகக் குறைந்து, வார இறுதிகளில் போன் அணைந்தே கிடந்து, பணம் கேட்பது கூடினால், காரில் ஏறி ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கடைசியாக, இரண்டு வருஷம் கழித்து மகள் போவாள், சொராரிட்டி இதே மாதிரியா என்று கேட்டிருந்தீர்கள். தங்குமிடத்தைப் பொறுத்தவரை அவளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. சொராரிட்டிகளில் முதலாண்டுப் பெண்கள் டார்மில் இருந்தபடியே சேருவதும், இரண்டாம் வருஷம் சொராரிட்டி வீட்டுக்குப் போவதும்தான் பொது வழக்கம். பெரிய தேசிய சொராரிட்டிகள் வீட்டுக்குள் மது வைக்க விடுவதில்லை. பல வீடுகளில் ஒரு பெண்மணி கூடவே தங்கி நிர்வகிப்பார். செலவு பெரும்பாலும் பையன்களைவிட அதிகம், சேருவதற்கான அந்த ஒரு வாரத் தேர்வு மனசைக் காயப்படுத்தக்கூடியது. தாய்வழியில் துளசேந்திரபுரத்துக்காரரான கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908-ல் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய சங்கம், அதன் மரபும் சேர்க்கை முறையும் வேறு. மகள் விஷயத்தில் உங்கள் கவலை வேறு இடத்தில் இருக்க வேண்டும்: அவள் தங்கும் வீட்டைவிட, வெள்ளி இரவு விருந்துக்குப் போகும் பையன்கள் வீடு. ஆகஸ்டிலிருந்து நவம்பர் நன்றி நவிலும் விடுமுறை வரையிலான வாரங்களை நாங்கள் 'ரெட் ஸோன்' என்போம், புதிதாக வந்த பெண்களுக்குப் பாலியல் வன்முறை ஆபத்து அதிகமாக இருக்கும் காலம் அது. தோழிகளோடு சேர்ந்து போய், சேர்ந்தே திரும்ப வேண்டும் என்பதை அவள் பள்ளிக் கடைசி வருஷத்திலேயே பேசி வையுங்கள்.

மகனுடைய ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், டார்ம் விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். இல்லினாயில் அறைத் தேர்வுக்குக் காலவரிசை உண்டு, தாமதமாக வருபவர்களுக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால், எந்தத் தேதி வரை ரத்து செய்யலாம், அதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்ற பத்தியைத் தேடிப் படித்து, பெயர்களை மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள். படித்துச் சொல்கிறேன்.